கட்டளையும் கலமும்

இருட்டிய பின் சித்தேரி மலையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு வானம் நிறைய விண்மீன்கள் தெரியும். கண் காண்கிறது, மனம் மகிழ்கிறது. வானியல் விஞ்ஞானியோ கண்டு மகிழ்வதோடு நிற்பதில்லை. நேற்று இருந்த ஒளியில் இன்று எத்தனை பங்கு குறைந்தது, எத்தனை பங்கு கூடியது என்று எண்ணால் சொல்ல விரும்புகிறார். அந்த எண்ணைப் பெறத் தொலைநோக்கி மட்டும் போதாது. தொலைநோக்கி தந்த படத்தைக் கழுவி, புடைத்து, அளந்து தரும் கணிப்பொறி வேண்டும். அந்தக் கணிப்பொறியோடு பேச ஒரு மொழியும் வேண்டும்.

அம்மொழியின் இலக்கணம் பெரிதன்று. கட்டளை என்று ஒன்று, மாறி என்று ஒன்று. இவ்விரண்டையும் அறிந்தவர் பாதி வழி நடந்தவர் ஆவார். கணிப்பொறியை வெறும் விளையாட்டுக் கருவி என்றோ, பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்றோ எண்ணும் மாணவிகளும் பெற்றோரும் இதைச் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

நம் அண்டை மலையில் ஒரு வானாய்வகம்

நம் மலைக்கு வடகிழக்கே, அதே கிழக்குத் தொடர்ச்சி மலையின் மற்றொரு பகுதியாக ஜவ்வாது மலை இருக்கிறது. அங்கும் நம் சித்தேரியைப் போலவே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அம்மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. நகர வெளிச்சம் எட்டாத, மேகம் குறைந்த இடம் வேண்டும் என்று தேடி இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. 1968-ஆம் ஆண்டில் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கிற்று. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த உலக ஆய்வுகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதனைக் காணும் முன்பே, 1982-இல், பாப்பு மறைந்துவிட்டார். அவர் பெயரையே தொலைநோக்கிக்குச் சூட்டினர். 1988-இல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கு நம் கணித மேதை இராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது.

இத்தகைய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பவர் இன்று எவரும் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் சி.சி.டி. எனப்படும் சிலிக்கான் சில்லு இருக்கிறது. இதனை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர் கண்டுபிடித்தனர். 2009-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். நெசவில் ஊடும் பாவும் கட்டம் கட்டமாய் அமைவது போல, அச்சில்லில் நுண்ணிய கட்டங்கள் நிறைந்துள்ளன. பக்கத்துக்கு 1024 கட்டம் என்று கொண்டால் மொத்தம் 10,48,576 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழுந்த ஒளிக்கு ஏற்ப ஓர் எண்ணைத் தருகிறது. ஆகவே தொலைநோக்கி தருவது படமன்று; பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எண்களின் அட்டவணை.

எண்களைப் புடைத்தெடுத்தல்

களத்திலிருந்து வந்த சாமையை அப்படியே உலையில் போடுவாருண்டோ? குத்த வேண்டும், புடைக்க வேண்டும், கல் நீக்க வேண்டும். சில்லு தந்த எண்களும் அத்தகையவையே. அவற்றில் இரண்டு குறைகள் எப்போதும் உண்டு.

முதலாவது, ஒளியே படாத போதும் ஒவ்வொரு கட்டமும் ஓர் அடிப்படை எண்ணைக் காட்டும். வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்தாலும் முள் நகர்வது போன்றது இது. பாத்திரத்தின் எடையைக் கழித்தால்தான் பண்டத்தின் எடை தெரியும். ஆகவே கதவை மூடியபடியே சில படங்கள் எடுத்து, அவற்றின் சராசரியைக் கழிக்கின்றனர். இதனை அடிப்படம் என்று அழைப்போம்.

இரண்டாவது, எல்லாக் கட்டங்களும் ஒரே திறமுடையவை அல்ல. ஒரே அளவு ஒளியை ஒரு கட்டம் 100 என்றால் அடுத்தது 80 என்கும். ஆகவே சீரான வெளிச்சமுள்ள ஒன்றை, அந்திவானத்தையோ வெள்ளைத் திரையையோ, படமெடுத்து, கட்டங்களின் திறமையைக் கண்டு, அதனால் வகுக்கின்றனர். இதனைச் சமப்படம் என்போம்.

ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். அது காட்டிய எண் 1250. அடிப்படத்தில் அதன் எண் 250. சமப்படத்தில் அதன் திறம் 0.8. முதலில் கழித்தால் 1000; பின்னர் வகுத்தால் 1250. கழிக்க மறந்து வகுத்தால் 1562.5 வந்துவிடும். மங்கலான ஒரு கட்டம் 350 காட்டியிருந்தால், முறையான விடை 125. கழிக்க மறந்த விடை 437.5. மங்கலான பொருளுக்கே பிழை பெரிது என்பதை மாணவிகள் கவனிக்க.

இது நான்காம் வகுப்புக் கணக்குதான். ஆனால் இதனைப் பத்து லட்சம் கட்டங்களுக்கும், ஓர் இரவில் எடுத்த அத்தனை படங்களுக்கும் செய்ய வேண்டும். அங்கேதான் கட்டளை மொழி வருகிறது.

கட்டளை என்பது யாது?

வானியலார் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வந்த ஒரு நிரல் தொகுதிக்கு ஐராஃப் என்று பெயர். 1981-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் உருவாக்கப்பட்டது. உலகின் பல வானாய்வகங்களுக்கு அது பரவியது. காவலூர்ப் படங்களும் அதில் திருத்தப்பட்டன. அதற்கென்று ஒரு கட்டளை மொழி உண்டு, அதனைச் சி.எல். என்று சுருக்கமாகக் கூறுவர். திரையில் ஒரு குறி தோன்றும். அதன் பக்கத்தில் நாம் எழுதுவது கட்டளை. உண்மையில் ஆங்கில எழுத்தில் எழுதுவதையே இங்கு ஒலிப்பைக் கொண்டு தமிழில் தருகிறோம்.

இமாரித் படம்1 - அடி படம்1அ

"இமாரித்" என்பது படங்களுக்கிடையே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் செய்யும் கட்டளை. மேலே உள்ள வரியின் பொருள்: படம்1 என்பதிலிருந்து அடி என்பதைக் கழித்து, வரும் விடைக்குப் படம்1அ என்று பெயரிடுக. ஒரே வரிதான், பத்து லட்சம் கழித்தல்கள் நடந்துவிடுகின்றன. "இம்ஸ்டாட்" என்பது மற்றொரு கட்டளை. ஒரு படத்தின் பெயரைக் கொடுத்தால் அதிலுள்ள கட்டங்களின் எண்ணிக்கை, சராசரி, சிறும மதிப்பு, பெரும மதிப்பு முதலியவற்றை ஒரு வரியில் காட்டும்.

நம் வீட்டிலும் கட்டளைகள் உண்டு. "கண்ணு, உலை வை" என்கிறார் அம்மா. மகள் உடனே, "எத்தனை ஆழாக்கு அம்மா?" என்று கேட்கிறாள். "உலை வை" என்பது கட்டளை. "எத்தனை ஆழாக்கு" என்பது அக்கட்டளைக்கு வேண்டிய மதிப்பு. விருந்தாளி வந்தால் அது மாறும். அப்பா வெளியூர் போனால் மாறும். கட்டளை அதேதான், மதிப்பு மட்டும் நாளுக்கு நாள் வேறு. இப்படி மாறும் மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயருக்கே மாறி என்று பெயர்.

மாறி ஒரு கலம்

மாறியைப் பெயர் எழுதி ஒட்டிய கலமாக எண்ணிக்கொள்வது எளிது. சி.எல். மொழியில் சில கலங்கள் நமக்காகவே எப்போதும் தயாராக உள்ளன. ஐ, ஜே, கே என்பவை முழு எண்களுக்கு. எக்ஸ், ஒய், இசட் என்பவை தசம எண்களுக்கு. எஸ்1, எஸ்2, எஸ்3 என்பவை சொற்களுக்கு. பி1, பி2, பி3 என்பவை ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றுக்கு. எண்ணெய்க் கலத்தில் மோர் ஊற்றக் கூடாதது போல, ஒவ்வொரு கலத்திலும் அதற்குரிய வகையையே இட வேண்டும்.

வகையை அறியாதவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இம்மொழியில் 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் விடை 3 என்று வரும்! இரண்டும் முழு எண்கள் ஆகையால் விடையும் முழு எண்ணாகிவிடுகிறது; மீதி போயே போய்விட்டது. 7 என்பதன் பின் ஒரு புள்ளி வைத்து 7. என்று எழுதினால் 3.5 கிடைக்கும். ஒரு புள்ளியில் அரைப் பங்கு அடங்கியிருக்கிறது.

வேறொரு விந்தையும் உண்டு. எந்த மதிப்பும் இடாத கலத்துக்கு இன்டெஃப் என்று ஒரு மதிப்பு உண்டு. "இன்னும் தீர்மானிக்கப்படவில்லை" என்பது அதன் பொருள். பூஜ்யம் வேறு, இது வேறு. தேர்வு எழுதிப் பூஜ்யம் வாங்கிய மாணவிக்கும் தேர்வுக்கே வராத மாணவிக்கும் மதிப்பெண் பட்டியலில் ஒரே குறி இட்டால் தகுமா? அறியாததைப் பூஜ்யம் என்று எழுதாமல் அறியாதது என்றே எழுதுவது விஞ்ஞானத்தின் நேர்மை.

பெயரா, பெயருக்குள் இருப்பதா?

"பெட்டியைக் கொண்டு வா" என்றால் பெட்டி வர வேண்டும். "பெட்டியில் உள்ளதைக் கொண்டு வா" என்றால் உள்ளிருக்கும் சேலை வர வேண்டும். மனிதர்க்கு இந்த வேறுபாடு சொல்லாமலே விளங்கும், இயந்திரத்துக்கு விளங்காது. எஸ்1 என்ற கலத்தில் "படம்7" என்ற சொல்லை இட்டு வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். பிறகு இவ்வாறு எழுதுகிறோம்:

இம்ஸ்டாட் எஸ்1

கணிப்பொறி "எஸ்1" என்னும் பெயருடைய படத்தைத் தேடிப் போகும். அப்படியொரு படம் இல்லை என்று திரும்பி வரும். வெறுமனே எழுதிய சொல்லை அது சொல்லாகவே கொள்கிறது. கலத்தைத் திறந்து உள்ளிருப்பதை எடு என்று சொல்லப் பிறைக்கோடு இட வேண்டும்:

இம்ஸ்டாட் (எஸ்1)

இப்போது அது படம்7-ஐ எடுத்துக் கணக்கிட்டுத் தரும். புதிதாகப் பயில்பவர் தடுமாறுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் வேறு எந்தக் கணிப்பொறி மொழியும் அச்சமூட்டாது.

இருபது படத்துக்கு ஒரே ஆணை

கலங்களின் உண்மையான பயன் இனித்தான். ஓர் இரவில் இருபது படங்கள் எடுத்தாயிற்று. இருபது முறை ஒரே வரியை எழுத வேண்டியதில்லை. ஐ என்ற கலத்தில் முதலில் 1 இடுக. அதைக் கொண்டு படத்தின் பெயரை அமைத்து அடிப்படத்தைக் கழிக்க. பின்னர் ஐ-யை ஒன்று கூட்டுக. 20 முடியும் வரை இவ்வாறே செய்க என்று சில வரிகளில் எழுதிவிடலாம். "படம்" என்ற சொல்லோடு ஐ-யில் உள்ள எண்ணை ஒட்ட இரண்டு சாய்கோடுகள் போதும். 1 இருந்தால் படம்1. 2 இருந்தால் படம்2.

இவ்வரிகளை ஒரு கோப்பில் எழுதி, அதற்கு ஒரு பெயரிட்டுவிட்டால், அப்பெயரே புதியதொரு கட்டளை ஆகிவிடுகிறது. இதைத்தான் மேக்ரோ என்றும் ஸ்கிரிப்ட் என்றும் அழைக்கின்றனர். மொழியைச் செய்தவர் தராத கட்டளையை, பயன்படுத்துபவரே செய்துகொள்கிறார்.

இங்கும் ஒரு சிறு எச்சரிக்கை. பெயர்களை அகர வரிசையில் அடுக்கும் கணிப்பொறி, படம்1, படம்10, படம்11 என்று போய், பத்தொன்பது வரை முடித்த பின்தான் படம்2-க்கு வரும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் முதலிலேயே படம்01, படம்02 என்று பெயரிடுகின்றனர்.

நேற்றைய மதிப்பு, இன்றைய படம்

இனி நாம் சொல்ல வந்த தலையான செய்திக்கு வருவோம். இம்மொழியின் பெரிய வசதி எதுவோ, அதுவே அதன் பெரிய ஆபத்தும் ஆகும்.

ஒரு கட்டளைக்குப் பத்து, இருபது மாறிகள் இருக்கக் கூடும். ஒவ்வொரு முறையும் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடவாது. ஆகவே ஐராஃப் பலவற்றைக் கேளாமல் மறைவாக வைத்துக்கொள்கிறது. "ஈபார்" என்ற கட்டளையால் அவற்றைத் திரையில் திறந்து திருத்தலாம். திருத்தியதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். கணிப்பொறியை விட்டு எழுந்து போய் மறுநாள் வந்தாலும் அம்மதிப்பு அங்கேயே இருக்கும். அதனை அழித்து, மொழியைச் செய்தவர் இட்ட பழைய மதிப்புகளுக்குத் திரும்ப "அன்லேர்ன்" என்று ஒரு கட்டளை உண்டு. கற்றதை மற என்பது அதன் பொருள்.

இப்போது ஓர் ஆய்வாளரைக் கற்பனை செய்வோம். அவர் விண்மீனின் ஒளியை அளக்கும் "ஃபாட்" என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறார். அதற்கு, படம் எத்தனை விநாடி எடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டும். அதிக நேரம் திறந்து வைத்தால் அதிக ஒளி சேரும் அல்லவா? அந்த நேரத்தை வைக்கும் கலத்துக்கு ஐடைம் என்று பெயர். திங்கட்கிழமைப் படங்கள் 600 விநாடிப் படங்கள். ஆகவே ஐடைமில் 600 என்று இட்டார். செவ்வாய்க்கிழமைப் படங்கள் 60 விநாடிப் படங்கள். மாற்ற மறந்தார்.

கணிப்பொறி குறை கூறவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை, மணி அடிக்கவில்லை. 60 விநாடியில் விண்மீன் தந்த 30,000 எண்ணிக்கையை 600-ஆல் வகுத்தது. விநாடிக்கு 500 என்று வர வேண்டிய விடை 50 என்று வந்தது. விண்மீன்களின் ஒளியளவில் பத்து மடங்கு என்பது 2.5 படிகள். ஆகவே ஒரே நாளில் விண்மீன் 2.5 படி மங்கிவிட்டதாகத் தாளில் அச்சாயிற்று. விண்மீன் மங்கவில்லை, ஒரு கலத்தில் நேற்றைய எண் தங்கியிருந்தது. அவ்வளவே.

இத்தகைய பிழையைப் பிடிக்க வழியுண்டு. அதே படத்தில் உள்ள மற்ற விண்மீன்களையும் அளந்து பார்த்தால், அவையும் சரியாக 2.5 படி மங்கியிருக்கும். வானமே ஒரே இரவில் மங்குமோ? அப்போது பிழை தம்முடையது என்று விளங்கிவிடும். ஒன்றை மட்டும் அளந்து ஓடிவிடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பவரே தப்புகிறார்.

இதைவிட நல்ல வழி, பிழைக்கே இடம் கொடாமல் இருப்பது. வானியல் படங்கள் ஃபிட்ஸ் என்னும் வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன; இவ்வடிவம் 1981-இல் வெளியிடப்பட்டது. அதில் படத்தின் எண்களுக்கு முன்னே ஒரு தலைப்புப் பகுதி உண்டு. வரிக்கு 80 எழுத்து, ஏட்டுக்கு 36 வரி. பழைய கணிப்பொறிகளின் துளை அட்டையில் 80 எழுத்துகளே கொள்ளும். அந்த அளவே இன்றும் நிலைத்துவிட்டது. எந்த விண்மீன், எந்த நாள், எந்த நேரம், எத்தனை விநாடி என்று எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஐடைம் கலத்தில் நாமே எண்ணை இடுவதற்குப் பதிலாக, "தலைப்பில் இன்ன பெயருள்ள வரியைப் பார்த்துக்கொள்" என்று மற்றொரு மாறியில் சொல்லிவிடலாம். அப்போது ஒவ்வொரு படமும் தன் நேரத்தைத் தானே சொல்லும். நினைவை நம்பாமல் சாட்சியை நம்புவது என்பது இதுதான்.

வினையும் வினையடையும்

மகாராஷ்டிரத்தில் புனேக்கு வடக்கே கோடத் என்னும் ஊரில் மாபெரும் ரேடியோத் தொலைநோக்கி இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள். நம் உதகமண்டலத்தில் 1970-இல் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை மலைச்சரிவில் அமைத்த கோவிந்த் ஸ்வரூப் அவர்களே இதனையும் அமைத்தவர். அங்கு வரும் எண்களைத் திருத்தப் பல ஆய்வாளர்கள் ஏ.ஐ.பி.எஸ். என்ற தொகுதியைப் பயன்படுத்தி வந்துள்ளனர். 1978-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது அது.

அதன் கட்டளை மொழியில் ஓர் அழகு உண்டு. கட்டளையை அங்கே வினைச்சொல் என்றே அழைக்கின்றனர். மாறியை வினையடை என்கின்றனர். நம் இலக்கண வகுப்பில் "வேகமாக ஓடினாள்" என்பதில் "ஓடினாள்" வினை, "வேகமாக" வினையடை என்று படித்திருக்கிறோம். அதே உறவுதான். ஆனால் நம் மொழியில் வினையடை தன் வாக்கியத்தோடு முடிந்துவிடும். அங்கே அப்படியன்று. ஒரு வினைக்காக இட்ட வினையடை, அடுத்து வரும் எல்லா வினைகளுக்கும் ஒட்டிக்கொண்டே வரும். "வேகமாக ஓடு" என்று சொன்ன பின் "படி" என்றால் வேகமாகப் படிப்பாள். "உண்" என்றால் வேகமாக உண்பாள்!

உதாரணமாக, செய்த திருத்தங்களைப் படத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கும் வினையடை ஒன்று உண்டு. அதில் -1 இருந்தால் சேர்க்காதே என்று பொருள். வேறொரு வேலைக்காக இட்ட அந்த -1 அப்படியே தங்கிவிட்டால், பாடுபட்டுச் செய்த திருத்தங்கள் ஒதுக்கப்பட்டுவிடும். ஆகவேதான் அங்கே எந்த வேலையையும் "கோ" என்று தொடங்குமுன் "இன்ப்" என்று எழுதும் பழக்கத்தை முதலில் கற்கின்றனர். இப்போது எல்லாக் கலங்களிலும் என்ன இருக்கிறது என்று காட்டுவது அது. ஐராஃபில் "எல்பார்" செய்வதும் அதுவே. உலையில் அரிசி போடுமுன் ஒருமுறை பானைக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கம் போன்றது.

செய்ததை எழுதி வைத்தல்

ஐராஃபில் படங்களைத் திருத்தும் ஒரு கட்டளை, அடிப்படத்தைக் கழித்தவுடன் அப்படத்தின் தலைப்பில், "இன்ன நாளில் இன்ன அடிப்படம் கழிக்கப்பட்டது" என்று எழுதி வைக்கும். மறதியால் மீண்டும் அதே படத்தைக் கொடுத்தால், தலைப்பைப் பார்த்து, ஏற்கெனவே ஆயிற்று என்று விட்டுவிடும். ஏ.ஐ.பி.எஸ்.-இலும் ஒவ்வொரு கோப்போடும் ஒரு வரலாற்று ஏடு சேர்ந்தே இருக்கிறது. என்னென்ன வினை, என்னென்ன மதிப்போடு நடந்தன என்று அதில் வாசிக்கலாம்.

இதன் அருமை கணிப்பொறி இல்லாத காலத்தை எண்ணிப் பார்த்தால் விளங்கும். வானம் முழுவதையும் படமெடுத்து விண்மீன்களைப் பட்டியலிடும் உலகப் பெருமுயற்சியில் வத்திக்கான் வானாய்வகத்துக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அங்கே 1910 முதல் 1921 வரை எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செட்டா ஃபினார்தி, லூய்ஜியா பான்செரி என்னும் நான்கு அருட்சகோதரியர், கண்ணாடித் தகட்டுப் படங்களை உருப்பெருக்கியில் பார்த்து, ஒருவர் எண்ணைச் சொல்ல மற்றவர் ஏட்டில் எழுத, 4,81,215 விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் பதிவு செய்தனர். அவர்களின் பெயர்கள் பல்லாண்டுகள் வெளியுலகம் அறியாமலே இருந்து, 2016-இல்தான் பலரறியத் தெரிய வந்தன. பெயர் மறைந்திருந்தும் ஏடு நிலைத்தது. எதை, எப்படி அளந்தோம் என்று வரி தவறாமல் எழுதி வைத்ததே காரணம். இன்றைய ஸ்கிரிப்ட் செய்வதும் அதே பணிதான். "நான் கண்டேன், நம்புங்கள்" என்று கூறாமல், "இதோ நான் இட்ட கட்டளைகள், இதோ என் மதிப்புகள், நீங்களும் செய்து பாருங்கள்" என்று கூறும் பணிவு அதில் இருக்கிறது.

மொழி மாறும், பழக்கம் மாறாது

ஐராஃபை உருவாக்கிய நிறுவனம் 2013-ஐ ஒட்டி அதன் வளர்ச்சிப் பணியை நிறுத்திக்கொண்டது. இன்று ஆர்வலர்களே அதனைப் பேணி வருகின்றனர். புதிதாக வருபவர்கள் பைத்தான் மொழியையும், 2011-இல் தொடங்கிய ஆஸ்ட்ரோபை என்னும் தொகுதியையும் கற்கின்றனர். அவை இலவசமானவை, சாதாரணக் கணிப்பொறியிலும் இயங்குபவை. பெயர்கள் மாறினாலும் உள்ளிருப்பவை அவையே: கட்டளை, கலம், வகை, தங்கிவிட்ட மதிப்பு. பைத்தான் குறிப்பேட்டில் வரிகளை முன்பின்னாக இயக்குபவர், மேலே இட்ட பழைய மதிப்பு இன்னும் இருப்பதை மறந்து இன்றும் ஏமாறத்தான் செய்கிறார்.

இவ்வேலைக்கு இரவெல்லாம் மலையுச்சியில் விழித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. லடாக்கில் ஏறக்குறைய 4500 மீட்டர் உயரத்தில் ஹான்லேயில் உள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர். நோவா, சூப்பர்நோவா என்னும் வெடிக்கும் விண்மீன்களை ஆராய்ந்த ஜி. சி. அனுபமா, 2019-இல் இந்திய வானியல் சங்கத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவரே. நம் மலையிலிருந்தும் ஒருத்தி அவ்வழியில் செல்ல முடியும் என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ளவேண்டும்.

மாணவிகளே! இன்றே தொடங்க விரும்புவோர்க்கு மூன்று பழக்கங்களைச் சொல்வோம். முதலாவது, கட்டளை இடுமுன் கலங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டாவது, அறியாததைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். மூன்றாவது, செய்ததை மதிப்புகளோடு எழுதி வையுங்கள். நாளை உங்கள் கணக்கைத் திருப்பிச் செய்பவளுக்கு அது வழிகாட்டும். கணிப்பொறி இல்லாதவரும் பரிசோதனைக் குறிப்பேட்டில் இவற்றைப் பழகலாம். அளவுகோல் எது, எத்தனை முறை அளந்தோம், அன்றைய வெப்பநிலை என்ன என்று எழுதும் மாணவிக்குப் பிற்காலத்தில் எந்தக் கட்டளை மொழியும் எளிதாகவே கைவரும்.